கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சப்புறமும் ஏன் படிக்கிறோம்?

வணக்கம் சார்,

கிருஷ்ணகிரில இருந்து தினம் ஓசூருக்கு பஸ்ல வேலைக்குப் போய்ட்டு வரேன். போன வாரம் ஒரு இங்கிலீஷ் கோர்ட் த்ரில்லர் எடுத்தேன். கொலை பண்ணது யாருன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க, அப்புறமும் கீழ வைக்க முடியல, சூளகிரி தாண்டினதே தெரியல. எங்க மாமா வக்கீல், "கோர்ட்டுல இப்டிலாம் நடக்காதுடா, வாய்தாதான் நடக்கும்"னு சிரிக்கிறாரு. பொய்னு தெரிஞ்சும் ஏன் சார் இப்டி இழுக்குது?

ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

தம்பி,

யாருன்னு முன்னாடியே சொல்லிட்டதாலதான் உங்களால வைக்க முடியல. துப்பறியும் கதைல ஆளு தெரிஞ்சா ஆட்டம் முடிஞ்சுது. கோர்ட் கதைல அங்கதான் ஆரம்பமே, தெரியுது சரி, நிரூபிக்க முடியுமா? நமக்குத் தெரிஞ்சது ஜட்ஜுக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் ரெக்கார்டுல ஏறலன்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது.

நம்ம சட்டத்தையே பாருங்க. ஒருத்தன் போலீஸ்கிட்ட "நான்தான் வெட்டினேன், அரிவாளைக் கிணத்துல போட்டேன்"னு சொல்றான். அவன் சொன்னபடி தேடி அரிவாளும் கிடைச்சிடுது. கோர்ட்டுல எது செல்லும்? கிணத்துல போட்டேன்ங்கிற துண்டு மட்டும்தான், வெட்டினேன்ங்கிறது செல்லாது. 2024 ஜூலைல சாட்சிய சட்டம் புதுசா வந்தும் இது மாறல. ஒரே மூச்சுல சொன்னதுல பாதி உள்ள, பாதி வெளிய, இத வச்சே விவரமான எழுத்தாளன் நூறு பக்கம் ஓட்டிடுவான். இந்த வகைல பேர் எடுத்த ஜான் கிரிஷாம், ஸ்காட் டுரோ ரெண்டு பேருமே கோர்ட்டுல வாதாடினவங்க, அதனாலதான் குறுக்கு விசாரணை எழுதறப்ப எந்தக் கேள்வியோட நிறுத்திக்கணும்னு அவங்களுக்குத் தெரியுது. (அவங்க அமெரிக்காவுல ஜூரி வேற இருக்கு, குற்றவாளியா இல்லியான்னு சொல்றதே அவங்கதான், நம்மள மாதிரி சாதா ஜனத்தை மடக்கணும், வசனத்துக்குக் கேக்கணுமா!)

மாமா சொல்ற வாய்தாவும் நெசந்தான். நம்ம அரூர் பக்கம் வாச்சாத்தி தெரியும்ல. 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை பதுக்கி வச்சிருக்கீங்கன்னு வனத்துறை, போலீஸ், ரெவின்யூ ஆளுங்க சேர்ந்து போயி ஊரையே நாசம் பண்ணாங்க, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை பண்ணாங்க. செஞ்சது யாருன்னு ஊருக்கே தெரியும். ஆனா தர்மபுரி கோர்ட்டுல தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர்ல. கேஸ்ல இருந்த 269 பேர்ல 54 பேர் அதுக்குள்ள செத்தே போயிட்டாங்க, மீதி 215 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பாச்சு, அப்பீல் போய் ஹைகோர்ட்டு அத உறுதி பண்ணவே 2023 ஆயிடுச்சு. ஊருக்குத் தெரிஞ்சது கோர்ட்டுல ஏற 19 வருஷம். நாவல்காரன் அந்த வருஷத்தையெல்லாம் அமுக்கி நாலு நாள் விசாரணை ஆக்கிடறான், மாமா சிரிக்கிறது அதுக்குத்தான். ஆனா ஏறுமா ஏறாதாங்கிற அந்தத் தவிப்பு பொய் இல்லியே, உங்கள இழுத்தது அதுதான்.

எனக்கு ஆகாதது ஒண்ணே ஒண்ணு, கடைசி அத்தியாயத்துல கதவைத் தொறந்துகிட்டு ஓடி வர்ற திடீர் சாட்சி. இங்க சார்ஜ் ஷீட்டோட சாட்சி லிஸ்ட்டையும் வாக்குமூலத்தையும் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனுக்கு, முன்னாடியே குடுத்தாகணும். நடுவுல புது சாட்சியைக் கூப்பிட ஜட்ஜுக்கு அதிகாரம் இருக்கு, இல்லேங்கல, ஆனா அதுக்கும் மனு போட்டு, எதிர்த்தரப்பு ஆட்சேபிச்சு, ஆர்டர் வாங்கித்தான் கூப்பிடணும். எழுத்தாளனுக்கு வழி தெரியாம போயி கூட்டிட்டு வர்ற ஆளு அது. அந்தாளு வந்துட்டா நான் புக்கை மூடிடுவேன்.