அடி வளைந்த மரத்தை நம்பலாமா?

கேள்வி: கோத்தகிரி அருகே சரிவில் எங்கள் வீடு. மேலே அப்பா நட்ட பைன் மரங்களும் பழைய கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களும் உள்ளன. பல மரங்கள் அடியில் வளைந்து, பிறகு நிமிர்ந்து நிற்கின்றன. மண் மெல்ல ஊர்கிறது என்கிறார் நண்பர். மர வளையங்களைப் பார்த்து உறுதிசெய்ய முடியுமா?

பதில்: பைன் மரங்களில் முடியும். கற்பூர மரத்தை விட்டுவிடுங்கள். நம் மலைகளில் அதில் ஆண்டுக்கு ஒன்று என்று நம்பி எண்ணும்படி வளையம் விழுவதில்லை.

வளைவை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். கன்றாக இருந்தபோது ஒரு கல் உருண்டு சாய்த்திருக்கலாம்; வெளிச்சம் தேடியும் சாய்ந்திருக்கலாம். அதன்பின் முப்பது ஆண்டுகளாக அந்த மண் அசையாமலே கிடந்திருக்கவும் கூடும். எப்போது சாய்ந்தது என்பது உள்ளே இருக்கிறது.

பைன் சாய்ந்ததும், சாய்ந்த பக்கத்தில் செம்பழுப்பு நிறத்தில் அடர்த்தியான கட்டையை அகலமாக வளர்த்து, தண்டை முட்டுக்கொடுத்து நிமிர்த்தப் பார்க்கும். வெட்டுமுகத்தில் அந்தப் பக்க வளையங்கள் அகலமாகவும் எதிர்ப்பக்கம் நெருக்கமாகவும் இருக்கும். வட்டம் கெடத் தொடங்கும் வளையமே சாய்ந்த ஆண்டு. திடீரென ஒருமுறை சாய்ந்த மரத்தில் இந்த மாற்றம் சட்டென்று தொடங்கி, மரம் நிமிர நிமிரக் குறையும். மண் ஊர்ந்துகொண்டே இருந்தால் கோணல் ஆண்டுக்கணக்கில் நீளும். சில சமயம் பக்கமும் மாறும். உங்களுக்கு வேண்டிய விடை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஒன்று கவனியுங்கள்: சாய்ந்த பக்கம் எப்போதும் பள்ளத்துப் பக்கம் அல்ல. மண் சுழன்று இறங்கும் சரிவின் தலைப்பகுதியில் மரங்கள் மேட்டை நோக்கியும் சாயும்.

இதற்காக மரத்தை வெட்ட நினைக்காதீர்கள். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வெட்ட அனுமதி வேண்டும். தேவையும் இல்லை. கையால் திருகும் துளைக்கருவி, பென்சிலைவிட மெல்லிய, சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கட்டைக் குச்சியை உருவித் தரும். சாய்ந்த பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று எடுக்க வேண்டும். ஏற்கெனவே வெட்டிய அடிக்கட்டை இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு மரத்தின் சாட்சி செல்லாது. பத்துப் பதினைந்து மரங்களாவது ஒரே ஆண்டைக் காட்ட வேண்டும். அருகில் சமதளத்தில் நிற்கும் பைன்களையும் ஒப்பிட வேண்டும். வறட்சியிலும் வளையம் குறுகும், அது எல்லா மரத்திலும் தெரியும். நீலகிரிக்கு இரண்டு பருவமழை உண்டு. அதனால் ஒரே ஆண்டில் போலி வளையம் ஒன்று கூடுதலாக விழலாம். இங்கே உங்கள் அப்பாவின் நினைவு பெரிய உதவி: நட்ட ஆண்டு தெரிந்தால் எண்ணிக்கையைச் சரிபார்த்துவிடலாம். 2009 நவம்பர் மழையில் மாவட்டம் முழுக்க நிலச்சரிவுகள் ஏற்பட்டது நினைவிருக்கும். அதையொட்டி எல்லா மரத்திலும் கோணல் தொடங்கியிருந்தால், பெருமழையில் அசையக்கூடிய சரிவு என்று கொள்ளலாம்.

ஆனால் வளையம் சொல்வது பழைய கதை. இந்த மழைக்காலத்துக்கு, சுவர் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். சரிவில் வெடிப்பு இருந்தால் இருபுறமும் முளை அடித்து மாதம் ஒருமுறை இடைவெளியை அளந்து குறியுங்கள். கண்ணாடி உடைந்தாலோ முளைகள் விலகினாலோ துளைக்கருவிக்காகக் காத்திருக்காமல் புவியியலாளரை அழைத்துவிடுங்கள்.