"யார் வந்தது?" என்று குழந்தையை விரட்டாதீர்கள்

தம்பி, பாங்காக்கில் அனுபான் (மழலையர்) வகுப்பில் சேர்ந்ததிலிருந்து உங்கள் நாலு வயது மகள் கதை சொன்னால் யார் வந்தார், யார் ஓடினார் என்றே புரிவதில்லை, பேச்சில் ஏதும் குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் என் மகளின் அந்த வயசு ஞாபகம் வந்துவிட்டது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவள் நல்ல 'தாய்' பேசுகிறாள், அதாவது தாய்லாந்து மொழி. நாமும் 'அவன்', 'அவள்' சொல்லாமல்தான் பேசுகிறோம். ஆனால் வந்தான், வந்தாள், வந்தது என்று வினையின் வாலிலேயே ஆள் ஒட்டிக்கொண்டிருக்கும். தாய்லாந்து மொழியில் யார் வந்தாலும் 'மா'தான். ஒருமுறை பெயரைச் சொல்லிவிட்டால் பெரியவர்களே அதை மறுபடி சொல்வதில்லை. 'காவ்' என்றால் அவன், அவள், அவர்கள் எல்லாமே. பிள்ளைகள் படத்தைத் தொட்டு, 'இது' என்பதுபோல, விலங்கென்றால் 'துவா நீ', ஆளென்றால் 'கோன் நீ' என்பார்கள். படம் நமக்குத் தெரியாவிட்டாலும் அப்படியேதான் சொல்வார்கள். கேட்பவருக்கு எது தெரியாது என்ற கணக்கு எந்த ஊர்க் குழந்தைக்கும் மெல்லத்தான் பிடிபடும்.

என் மகள் சிங்கமும் எலியும் கதை சொல்லும்போது 'நூ', 'நூ' என்பாள். நூ என்றால் எலி. அங்கே சின்னப் பிள்ளைகள் தங்களைச் சொல்லிக்கொள்வதும் நூ என்றுதான். வலையைக் கடித்தது எலியா, இவளா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போய், புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதனால் சொல்கிறேன், ஒருமுறை மெதுவாகக் கேளுங்கள், போதும்.

இன்னொன்று. வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்வார்கள், கேட்காதீர்கள். எனக்கும் பள்ளியில் ஒருவர் சொன்னார். எட்டு மாதம் நிறுத்தினேன், இன்றுவரை வருத்தம்தான். நம் ஆட்கள் சிலர் பதினைந்து வருஷம் இருந்தும் டாக்ஸிக்கு வழி சொல்லும் அளவு தாய்கூடக் கற்பதில்லை. சிலர் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை 'மன்', அதாவது 'அது', என்று குறிப்பிடுகிறார்கள். குழந்தை கதையில் தவளையை மன் என்பது சரி. மனுஷரை, அதுவும் மூத்தவரை, அப்படிச் சொல்வது அவமரியாதை. நான் மகளோடு உட்கார்ந்து அவள் கதைப் புத்தகங்களிலேயே தாய் படித்தேன்.

அப்புறம் தமிழை மறுபடி தொடங்கினோம். தாய்க் கதைகளில் விலங்குகளுக்கும் அண்ணன், தம்பி, பெரியப்பா முறை உண்டு. 'லுங்' (பெரியப்பா) என்று கேட்டுப் பழகியவள், ஒரு நாள் காரைக்குடிக்குப் போன் போட்டபோது அப்பத்தாவிடம், "சிங்கப் பெரியப்பா வந்தாரு, எலித் தம்பி வந்தான்" என்றாள். அப்பத்தா, "அப்புறம் யாருடி வந்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.