ரெய்டுக்கு எந்த ஹார்ட் டிஸ்க்?

கேள்வி: ஸ்டூடியோ படங்களைச் சேமிக்க 4 டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) வாங்கியிருக்கிறேன். ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளில் பிரித்து எழுதும் முறை) அமைக்க, விலை குறைந்த 4 டிபி டெஸ்க்டாப் டிஸ்க்குகளே போதாதா?

பதில்: ஆரம்பத்தில் ஒரு குறையும் தெரியாது. ஒரு டிஸ்க் போய், புதியதை மாட்டி ரீபில்டு (மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டு அதை நிரப்பும் வேலை) ஓடும்போதுதான் வினை.

விலை குறைந்தவற்றில் பல எஸ்எம்ஆர் வகை. அவற்றில் டிராக்குகள் (தரவு எழுதும் வளையங்கள்) கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றை மாற்றி எழுத, அடுத்தடுத்தவற்றையும் திருப்பி எழுதியாக வேண்டும். அந்த வேலையை டிஸ்க் ஓய்வு நேரத்துக்குத் தள்ளிப்போடும். ரீபில்டில் ஓய்வு ஏது? தற்காலிகமாக எழுதிவைக்கும் இடமான கேஷ் நிறைந்ததும் வேகம் படுத்துவிடும். சில சமயம், பதில் சொல்லாத டிஸ்க் செத்துவிட்டதென்று, ரெய்டை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் அதையே விலக்கிவிடும். டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகைதான் வேண்டும். அட்டையில் ‘நாஸ்’ என்றிருப்பதை மட்டும் நம்பாதீர்கள்: நாஸுக்கென்றே விற்ற டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-இல்தான் வெளியே வந்தது. இன்று அந்நிறுவனத்தின் ரெட் பிளஸ், சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் இரண்டும் சிஎம்ஆர். எதுவானாலும் முழு மாடல் எண்ணை வைத்து டேட்டாஷீட்டைப் பாருங்கள்.

இன்னொன்று, படிக்க முடியாத செக்டாரில் (டிஸ்க்கில் தரவு எழுதும் சிறு பகுதி) டிஸ்க் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டும் என்பது. நாஸ் டிஸ்க் சுமார் 7 வினாடியில் கைவிட்டுப் பிழை என்று சொல்லும். விடுபட்டதை மற்ற டிஸ்க்குகளிலிருந்து ரெய்டு கணக்கிட்டு எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு நிமிடத்தையும் தாண்டி முயலலாம். பல நாஸ் பெட்டிகளில் ஓடும் லினக்ஸ் வழக்கமாக 30 வினாடிதான் பொறுக்கும்; அதற்குள் பதில் வராவிட்டால் டிஸ்க்கே ரெய்டிலிருந்து விலக்கப்படலாம்.

ரெய்டு 5-ஐயும் மறுபரிசீலனை செய்யுங்கள். ரீபில்டுக்கு மீதி மூன்று டிஸ்க்கிலும் மொத்தம் 12 டிபி படிக்க வேண்டும். பல டேட்டாஷீட்டுகள் ஒப்புக்கொள்ளும் வரம்போ 12.5 டிபிக்கு ஒரு படிப்புப் பிழை. நடப்பில் இதைவிட நன்றாகவே இருக்கும் என்றாலும், திருமண ஆல்பங்களை வைத்து அந்தச் சூதாட்டம் வேண்டாம். ரெய்டு 6 போட்டால் 8 டிபிதான் கிடைக்கும். ஆனால் ரீபில்டு நடுவில் இன்னொன்று போனாலும் தாங்கும். தவறி அழித்த ஃபோல்டரை எந்த ரெய்டும் மீட்காது. தனி பேக்கப் கட்டாயம்.

கேள்வி: நான்கையும் ஒரே கடையில் வாங்கலாமா?

பதில்: இரண்டு கடைகளில் பிரித்து வாங்குங்கள். ஒரே பேட்சில் குறையிருந்தால் நான்கும் அடுத்தடுத்துப் படுக்கும். சீரியல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு வாரண்டியைச் சரிபாருங்கள். தரவு ஏற்றும் முன், லினக்ஸ் கணினியில், டிஸ்க் முழுதும் எழுதிப் படித்துப் பார்க்கும் பேட்பிளாக்ஸ் சோதனையை ஓட்டுங்கள். டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழியும். 4 டிபிக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். முடிந்தபின் ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைக்கும் கணக்கு) கெட்ட செக்டார்களைக் காட்டும் 5, 197, 198 மூன்றின் மூல மதிப்பும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்மார்ட் பட்டியலில் 199-வது எண்ணின் மதிப்பு மட்டும் ஏறுகிறது. டிஸ்க்கை மாற்றட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அது தரவு கடத்தும்போது நேரும் பிழைகளின் எண்ணிக்கை; காரணம் பெரும்பாலும் சாட்டா கேபிள் (டிஸ்க்கை இணைக்கும் கேபிள்) அல்லது இணைப்பின் கோளாறு. கேபிளை மாற்றுங்கள், கேபிள் இல்லாத பெட்டியானால் டிஸ்க்கைக் கழற்றி அழுத்தமாகச் செருகுங்கள். பழைய எண்ணிக்கை குறையாது. மேலும் ஏறாமல் நின்றால் சரி.