கழுத்து ஸ்கேனில் 7 மி.மீ. கட்டி: தைராய்டு புற்றுநோய் நம் பக்கம் நிஜமாகவே கூடுகிறதா?

கேள்வி: எனக்கு 38 வயது. நாகர்கோவில் பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன். மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜில் கழுத்து ஸ்கேனும் சேர்த்து எடுத்தார்கள். வலது பக்கம் 7 மி.மீ. கட்டி, டைராட்ஸ் 4 (கட்டி ஸ்கேனில் எவ்வளவு சந்தேகமாகத் தெரிகிறது என்று 1 முதல் 5 வரை போடும் எண்) என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லை, தைராய்டு வேலையைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் சரியாகத்தான் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் இருக்கும் என் மதினிக்குப் போன வருடம் தைராய்டு புற்றுநோய் என்று சுரப்பியையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள். அவர்கள் தெருவில் மட்டும் நாலைந்து பேருக்கு இருக்கிறதாம். கடற்கரை மணலா, கூடங்குளமா, அயோடின் உப்பா, எதனால் இப்படி? நான் உடனே கட்டியிலிருந்து ஊசியால் செல் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? 14 வயது மகளுக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவா?

பதில்: முதலில் உங்களுக்குத் தூக்கம் வர வேண்டும், அதனால் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் நெறிக்கட்டி எதுவும் சந்தேகமாக இல்லை என்று அதே ரிப்போர்ட்டில் இருந்தால், 7 மி.மீ. கட்டிக்கு இப்போது ஊசி தேவையில்லை. மகளுக்கு ஸ்கேனும் தேவையில்லை. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் ஊர் சுற்றி வர வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

இந்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை 2 கணக்குகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எத்தனை பேருக்குக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பது ஒன்று, எத்தனை பேர் அதனால் இறக்கிறார்கள் என்பது இன்னொன்று. செய்தியில் வருவதெல்லாம் முதல் கணக்குதான். 2022இல் உலகம் முழுக்க சுமார் 8,21,000 பேருக்குப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள், இறந்தவர்கள் சுமார் 47,500 பேர். அந்த 8 லட்சத்தில் பாதிக்கு மேல் சீனாவில் மட்டும். சீனர்களின் கழுத்தில் அப்படி என்ன விசேஷம் என்று தேடுவதற்கு முன், அங்கே ஆண்டுதோறும் அலுவலகங்களில் நடக்கும் உடல் பரிசோதனையில் தைராய்டு ஸ்கேனும் சேர்ந்துகொண்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதைத் தெளிவாகக் காட்டிய நாடு தென் கொரியா. 1999இல் அரசு தேசியப் புற்றுநோய் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் தைராய்டு கிடையாது. ஆனால் மற்ற பரிசோதனைக்கு வந்தவர்களிடம், கூடவே கொஞ்சம் பணம் கட்டினால் கழுத்தையும் பார்த்துவிடலாம் என்று மருத்துவமனைகள் சொல்ல ஆரம்பித்தன, மக்களும் பார்த்துக்கொண்டார்கள். விளைவு, 2011இல் கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைவிட 15 மடங்கு. அந்த ஒரே ஆண்டில் 40,000 பேருக்கு மேல், அனேகமாக எல்லோருக்குமே ஆபரேஷன். இறப்பு? வருடத்துக்கு 300, 400 என்று முன்பு இருந்த அதே அளவிலேயே நின்றது. உயிரைக் குடிக்கும் நோய் 15 மடங்கு பெருகி, உயிரிழப்பு மட்டும் கொஞ்சம்கூட அசையாமல் இருக்க வழியே இல்லை. 2014இல் அங்கேயே ஒரு மருத்துவர் குழு, அறிகுறி இல்லாதவர்கள் இந்த ஸ்கேனை எடுக்காதீர்கள் என்று பகிரங்கமாகக் கடிதம் வெளியிட்டது. ஒரே வருடத்தில் ஆபரேஷன்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. காற்றும் தண்ணீரும் சாப்பாடும் ஒரு வருடத்தில் மாறிவிடவில்லை, பார்ப்பதை நிறுத்தினார்கள், எண்ணிக்கை இறங்கியது.

அப்படியானால் அந்தக் கட்டிகள் பொய்யா என்று கேட்பீர்கள். இல்லை, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் புற்றுநோய்தான். ஆனால் பெரும்பாலானவை கடுகு அளவில் ஆயுள் முழுக்க அப்படியே இருந்துவிடுகிறவை. ஃபின்லாந்தில் 1985இல் வெளிவந்த ஒரு ஆய்வில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டைச் சீவிச் சீவிப் பார்த்தபோது மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தச் சின்னக் கட்டி இருந்தது, பாப்பிலரி என்ற பொதுவாக மெதுவாக வளரும் வகை. உயிரோடு இருந்தவரை அவர்களுக்கு அது தெரியவும் இல்லை, தொந்தரவும் கொடுக்கவில்லை. 12 நாடுகளின் புற்றுநோய்ப் பதிவேடுகளை வைத்து உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2016இல் போட்ட கணக்கில், 2003 முதல் 2007 வரை பெண்களிடம் கண்டுபிடித்தவற்றில் இப்படித் தேவையில்லாமல் வெளியே வந்தவை கொரியாவில் 90 சதவீதம், அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 70 முதல் 80 சதவீதம், ஜப்பானிலும் இங்கிலாந்திலும் பாதி.

இப்போது உங்கள் மதினியின் தெருவுக்கு வருவோம். இந்தியப் பதிவேடுகளில் பெண்களின் தைராய்டு புற்றுநோயில் முன்வரிசையில் நிற்பவை திருவனந்தபுரமும் கொல்லமும். மகாராஷ்டிராவின் பார்சி மாதிரி கிராமப்புறங்களில் இது மிகவும் குறைவு. கேரளத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்டு ஸ்கேன் சென்டர், செக்கப் செய்துகொள்ளும் பழக்கம், கையில் பணம், நல்ல பதிவேடு, எல்லாம் இருக்கிறது. ஒருவருக்கு வந்ததும் தெருவே போய் எடுக்கிறது, எடுத்தால் இன்னும் நாலு பேருக்கு அகப்படுகிறது. நாகர்கோவிலிலும் இப்போது அதே நிலைதான் வந்துகொண்டிருக்கிறது. முழு உயர்வும் ஸ்கேனால்தான் என்று நான் சொல்லவில்லை. உடல் பருமன் போன்ற காரணங்களுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மணலைப் பற்றிய பயம் நியாயமானது, மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட் என்ற தாது இருப்பதும் அதில் கதிர்வீசும் தோரியம் இருப்பதும் உண்மை. இதே மணல் உள்ள கொல்லம் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2009இல் முடிவு வெளியிட்டார்கள். அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. கூடங்குளம் முதல் உலை இயங்கத் தொடங்கியது 2013இல், திருவனந்தபுரத்து எண்ணிக்கை அதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிட்டது. கதிர்வீச்சு தைராய்டைத் தாக்கும் என்பதற்கு அழுத்தமான சான்று 1986 செர்னோபில். உலையிலிருந்து வெளியேறிய கதிர்வீசும் அயோடின் 131 புல்லில் விழுந்து, மாடு மேய்ந்து, அந்தப் பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். பெலாரஸ், உக்ரைன், ரஷ்யப் பகுதிகளில் அப்போது சிறுவர்களாக இருந்தவர்களில் 2005க்குள் 6,000 பேருக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டது, அதில் பெரும்பங்குக்குக் காரணம் அந்தப் பால் என்று ஐ.நா. குழு சொன்னது. அப்படி ஒரு விபத்து நம் கரையில் நடக்கவில்லை. உப்பை மாற்றாதீர்கள். அயோடின் பற்றாக்குறைதான் கழலையையும் இதைவிட முரடான ஃபாலிகுலர் வகையையும் கூட்டுவது.

சரி, உங்கள் ரிப்போர்ட். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் அமைப்பின் 2017 விதிப்படி டைராட்ஸ் 4 கட்டிக்கு 1.5 செ.மீ. இருந்தால்தான் ஊசி, 1 செ.மீ. முதல் ஒன்றரை வரை இருந்தால் இடைவெளி விட்டு ஸ்கேன், அதற்குக் கீழே இரண்டுமே வேண்டாம். டைராட்ஸ் 5 ஆகவே இருந்தாலும் 1 செ.மீ. ஆகும்வரை ஊசி கிடையாது. நம் லேப்களில் வேறு வேறு டைராட்ஸ் முறைகளைக் கலந்து எழுதுவது உண்டு, 4ஏ, 4பி என்றெல்லாம் வரும், அதனால் எந்த முறை என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மனசு கேட்கவில்லை என்றால் ஒரு வருடம் கழித்து, அதே சென்டரில், ஒரே ஒரு ஸ்கேன் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் 7, 8, 6 என்று மாறி மாறி வரும், அது அளக்கும் கையின் வித்தியாசம், ஒவ்வொரு முறையும் உங்கள் நிம்மதிதான் போகும்.

ஊசிதானே, போட்டுப் பார்த்துவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். போட்டு, பாப்பிலரி என்று வந்துவிட்டால், அந்த வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கப் பெரும்பாலானவர்களால் முடியாது. ஆபரேஷனுக்குப் போவார்கள். சுரப்பிக்குப் பின்னால் நெல்மணி அளவில் நாலு பாராதைராய்டு ஒட்டிக்கொண்டிருக்கும், அவை அடிபட்டால் கால்சியம் இறங்கி விரல் நுனியும் உதடும் மரத்துக் கூசும், சிலருக்கு ஆயுள் முழுக்கக் கால்சியம் மாத்திரை. கொரியாவில் ஆபரேஷன் ஆனவர்களில் 11 சதவீதம் பேருக்கு இந்தப் பிரச்சினை வந்தது, 2 சதவீதம் பேருக்குக் குரல் நரம்பு பாதித்தது. நீங்கள் வகுப்பில் நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவர், அந்த 2 சதவீதம் உங்களுக்குச் சின்ன எண் இல்லை. ஜப்பானில் கோபே நகரத்தின் குமா மருத்துவமனை 1993லிருந்தே, புற்றுநோய் என்று உறுதியான 1 செ.மீ.க்குக் குறைந்த கட்டிகளைக்கூட அறுக்காமல் கண்காணித்து வருகிறது. 10 ஆண்டில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தவை 8 சதவீதம், நெறிக்கட்டிக்குப் பரவியவை சுமார் 4 சதவீதம், அவர்களுக்கு அப்போது ஆபரேஷன் செய்தார்கள், இந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

இதைப் படித்துவிட்டுக் கழுத்துக் கட்டி எல்லாமே சும்மா என்று எடுத்துக்கொண்டால் நான் மிகவும் வருத்தப்படுவேன். கண்ணுக்குத் தெரிகிற, கைக்குத் தட்டுப்படுகிற கட்டி, வாரக்கணக்கில் நீங்காத குரல் கம்மல், விழுங்கும்போது அடைப்பு, கழுத்தின் பக்கவாட்டில் கெட்டியான நெறி, வயதானவர்களுக்குக் கொஞ்ச நாளில் வேகமாகப் பெருக்கும் வீக்கம், இவற்றுக்கு ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. ஏழை நாடுகளில் கண்டுபிடிப்பது குறைவாகவும், அதில் இறப்பவர் விகிதம் அதிகமாகவும் இருப்பது இப்படிப்பட்ட கட்டியோடு ரொம்பத் தாமதமாக வருவதால்தான்.

மகள் விஷயத்தில் ஒரே ஒரு வேலை இருக்கிறது. மதினியின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் எந்த வகை என்று பாருங்கள். பாப்பிலரி என்றிருந்தால் விட்டுவிடலாம். மெடுல்லரி என்றிருந்தால் அது குடும்பத்தில் இறங்கக்கூடியது, முதலில் மதினிக்கு ரெட் என்ற மரபணுவைச் சோதிப்பார்கள், அதில் பழுது இருந்தால் அவருடைய இரத்த உறவுகளும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பக்கம் சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுப்பதால் மதினி உங்களுக்கு இரத்த உறவாகவும் இருக்கலாம், யோசித்துப் பாருங்கள். சிறு வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கும் தனி விதி. மற்றபடி உங்கள் மகளுக்கு ஸ்கேன் வேண்டாம்.

அப்புறம், தயவுசெய்து மதினியிடம் போய், உன் ஆபரேஷன் தேவையில்லாதது என்று சொல்லிவிடாதீர்கள். அவர் கட்டி எவ்வளவு பெரிது, எங்கே இருந்தது, பரவியிருந்ததா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவருக்கு உதவ வேண்டும் என்றால், தைராக்ஸின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுகிறாரா, காபிக்கு முன் அரை மணி நேரமாவது விடுகிறாரா, கால்சியம் மாத்திரை இருந்தால் அதற்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வைக்கிறாரா என்று விசாரியுங்கள், இதில் நடக்கும் குழப்பத்தால்தான் பலருக்கு டி.எஸ்.எச். ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.