அப்பாவின் எல்பி தட்டுகளுக்கு எந்த டர்ன்டேபிள்?

வணக்கம். உங்கள் மயிலாப்பூர் வீட்டில் அப்பா விட்டுப்போன அறுபது எல்பி இசைத்தட்டுகள், ஃபோனோ சாக்கெட் (டர்ன்டேபிளை நேரடியாகச் செருகும் இடம்) உள்ள பழைய ஆம்ப்ளிஃபயர், கையில் நாற்பதாயிரம் ரூபாய் பட்ஜெட். பெட்டி வடிவில் வரும் சூட்கேஸ் பிளேயர் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலும் மலிவான செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் (ஊசியைத் தாங்கி ஒலியை மின்சாரமாக்கும் பகுதி). ஊசி அழுத்தமும் அதிகம், அதைக் குறைக்கவும் வழியிருக்காது. அப்பாவின் தட்டுகள் தேய்ந்தால் திரும்ப வராது.

என் தேர்வு ஆடியோ டெக்னிகா எல்பி120எக்ஸ் டர்ன்டேபிள். மோட்டார் நேரடியாகத் தட்டைச் சுழற்றுவதால் பெல்ட் மாற்றும் வேலை இல்லை. ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் மாற்றலாம், பின்னால் இதைவிட நல்ல ஊசியும் போடலாம். ஊசியைத் தாங்கும் கையின் பின்பக்க எடையைத் திருகி, கை தராசு முள்போல் கிடையாக மிதக்கும் இடத்தில் எண் வளையத்தைப் பூஜ்யத்தில் வையுங்கள். அப்புறம் எடையைத் திருகி ஊசி அழுத்தத்தை 2 கிராம் வையுங்கள். அவசரப்படாமல் செய்யுங்கள், பாட்டின் தெளிவே இதில்தான் இருக்கிறது.

உங்கள் ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ சாக்கெட்டில் செருகுவதால், டர்ன்டேபிளின் பின்புற சுவிட்சை 'ஃபோனோ' பக்கம் தள்ளுங்கள். 'லைன்' பக்கம் இருந்தால் ஒலி டர்ன்டேபிளில் ஒரு முறை, ஆம்ப்ளிஃபயரில் ஒரு முறை என இரண்டு முறை பெருக்கப்பட்டு கரகரக்கும்.

நம் ஊர் ஈரக்காற்றில் தட்டில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கலாம். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்து, லேபிள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே மென்மையாகத் துடையுங்கள். காய்ந்தபிறகே ஊசியை வையுங்கள்.