மாவு உரிகிறது, எலும்போரம் சிவக்கிறது: வீட்டு கே.எஃப்.சி. சிக்கனில் என்ன பிழை?

கேள்வி: பிள்ளைகளுக்காக வீட்டிலேயே கே.எஃப்.சி. மாதிரி சிக்கன் பொரிக்கிறேன். '11 மசாலா ரகசியக் கலவை' என்ற பாக்கெட்டை வாங்கிப் போட்டும் அந்த ருசி வரவில்லை. மாவு கழன்று எண்ணெயில் மிதக்கிறது. எலும்பை ஒட்டிச் சிவப்பாகவே இருக்கிறது. குக்கரில் எண்ணெய் ஊற்றி மூடிப் பொரித்தால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: குக்கரில் பொரிக்கவே பொரிக்காதீர்கள். 1939இல் அமெரிக்காவின் கெண்டக்கியில் கே.எஃப்.சி.யைத் தொடங்கிய கர்னல் சாண்டர்ஸ் பிரஷர் குக்கரில்தான் கோழி பொரிக்கத் தொடங்கினார் என்பது உண்மை. இன்று கடைகளில் இருப்பது அதற்கென்றே பூட்டும் வால்வும் வைத்துச் செய்த இயந்திரம். நம் வீட்டுக் குக்கர் 120 டிகிரி நீராவிக்குச் செய்தது. அதன் பாதுகாப்பு வால்வில் இருக்கும் உலோகம் சூடு மிஞ்சினால் உருகுவதற்கென்றே வைக்கப்பட்டது. உள்ளே 170 டிகிரி எண்ணெய் இருந்தால் அந்த ஓட்டை வழியாக முகத்தில்தான் பீய்ச்சும்.

மாவு உரிவதற்குக் காரணம், தயிரும் மசாலாவும் கெட்டியாகப் பூசிய துண்டை நேரே மாவில் புரட்டுவது. சூட்டில் அந்தப் பூச்சு நீராவியாகி மாவைத் தள்ளிவிடுகிறது. தோலுரித்த கோழியில் பிடிமானம் இன்னும் குறைவு. கறிக்கடையில் கேட்காமலே தோலை உரித்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஒரு கிலோ கோழியைத் தோலோடு 9 துண்டாக வெட்டி வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, 4 மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறவைத்து வடியுங்கள். மாவுக்கு மைதா 300 கிராம், கார்ன்ஃப்ளார் 50 கிராம், வெள்ளை மிளகுத்தூள் 10 கிராம், பூண்டுப் பொடி 10, காஷ்மீரி மிளகாய்த்தூள் 10, கருமிளகு 5, சுக்குப் பொடி 5, உப்பு 8, அஜினமோட்டோ 5 கிராம். துண்டை மாவில் புரட்டி, குளிர்ந்த தண்ணீரில் இரண்டு விநாடி முக்கி, மறுபடி மாவில் அழுத்திப் புரட்டி உதறுங்கள். செதில் செதிலாக எழும்புவது இந்தத் தண்ணீர் முக்கலால்தான், முட்டையால் அல்ல. கம்பி வலைமேல் 15 நிமிடம் விடுங்கள். மாவு ஈரம் இழுத்து ஒட்டிக்கொள்ளும்.

ஆழமான சட்டியில் ஒன்றரை லிட்டர் எண்ணெய், 170 டிகிரி. ஒரு தடவைக்கு மூன்று துண்டுகளே. முதல் மூன்று நிமிடம் கரண்டி வைக்கக்கூடாது. பிறகு தீயைக் குறைத்து 150–160இல் வைத்தால், மொத்தம் 13 நிமிடம் ஆகும். எடுத்து மறுபடியும் கம்பி வலைமேல்தான் வைக்க வேண்டும். செய்தித்தாளில் வைத்தால் அச்சு மையும் சேர்ந்து ஒட்டும், அடிப்பக்கமும் நமுத்துப்போகும்.

இனி அந்த பாக்கெட். லேபிளில் எடை அதிகமான பொருளைத்தான் முதலில் போட வேண்டும். முதல் பெயர் மைதாவோ உப்போ என்றால், மசாலா விலைக்கு அதைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். அடுத்து வெறுமனே 'மசாலாப் பொருட்கள்' என்றிருக்கும். எது, எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லையாம்! 621 என்ற எண் இருந்தால் அது அஜினமோட்டோ. இதையெல்லாம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டால் போதும் என்கிறது சட்டம், தமிழ் கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் அடுப்படியில் நிற்பவர் எதைப் படித்துத் தெரிந்துகொள்வார்? இந்த ஓட்டையில்தான் 'ரகசிய' வியாபாரம் முழுவதும் நடக்கிறது. 2016இல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ், சாண்டர்ஸின் உறவினர் வீட்டு ஆல்பத்தில் இருந்த, 11 மசாலாக் கலவையின் கையெழுத்துக் குறிப்பை வெளியிட்டது. நிறுவனம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு கப் மாவுக்கு மூன்று மேஜைக்கரண்டி வெள்ளை மிளகு என்கிறது அது. உங்களுக்குப் பிடிபடாத அந்த வாசனை அதுதான். மளிகைக் கடையில் முழு வெள்ளை மிளகாக வாங்கி வீட்டில் அரையுங்கள், பொடியில் கலப்படம் எளிது.

சில்லறையில் மலிவாக வரும் டின் எண்ணெயையும் தொடாதீர்கள். பலகாரக் கடைகள் கழித்த எண்ணெய் அப்படித்தான் திரும்பி வருகிறது. எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது அதில் சேரும் 'மொத்தத் துருவச் சேர்மங்கள்' 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக்கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. உங்கள் தெருக் கடையில் யார் வந்து அளக்கிறார்கள்?

எலும்போரச் சிவப்பு எப்போதும் வேகாததன் அடையாளம் அல்ல. பிராய்லர் கோழியை ஐந்தாறு வாரத்தில் வெட்டிவிடுவதால் எலும்பு முற்றியிருக்காது. உள்ளிருக்கும் மஜ்ஜையின் நிறம் கசிந்து பக்கத்துக் கறியில் ஏறும். உறையவைத்த கோழி என்றால் கறுத்தே தெரியும். நன்றாக வெந்த பிறகும் அந்த நிறம் போகாது. அதைப் போக்குவதற்காகப் பொரித்துக்கொண்டே இருந்தால் கறி நாராகிவிடும். ஆனால் எலும்பில்லாத துண்டின் நடுவில் சிவப்பு தெரிந்தால் இந்தச் சமாதானம் செல்லாது, அது வேகாததுதான். அளந்து பார்ப்பது ஒன்றே வழி: குத்திப் பார்க்கும் வெப்பமானியை எலும்பில் படாமல் தொடையின் பருத்த இடத்தில் செருகுங்கள். 74 டிகிரி காட்டினால் சாப்பிடலாம். வெப்பமானி இல்லையென்றால் தொடை மூட்டருகே கீறிப் பாருங்கள். கறி கண்ணாடி போல வழவழவென்று இருந்தால் இன்னும் மூன்று நிமிடம், சிறு தீயில்.