ஆச்சி சொன்னதும் நான் சொன்னதும்

அன்புள்ள ஐயா,

நான் திருகோணமலையில் பிறந்து, 1990இல் பெற்றோருடன் வெளியேறி, இப்போது கனடாவில் வசிக்கிறேன். எங்கள் சபையார் வரும் ஜூலையில் கென்யாவின் கரையோரத்திலுள்ள கிலிஃபிக்கு இரண்டு வார ஊழியப் பயணம் போகிறார்கள். ஒரு பாடசாலைக்கு வர்ணம் பூசுவது, விடுமுறை வேதாகமப் பாடசாலை நடத்துவது, கிராமக் கிணறு ஒன்றை இறைத்து ஆழப்படுத்திக் கொடுப்பது என்பவை திட்டத்தில் உள்ளன. பதின்மூன்று வயது மகனையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிச் செல்ல விரும்புகிறேன்; தங்களிடம் இருப்பவற்றின் அருமையை அவர்கள் உணர வேண்டும். நால்வருக்கான விமானச் சீட்டுப் பணத்தை அப்படியே அங்கே அனுப்பிவிடலாம் என்கிறார் என் கணவர். ஒரு காலத்தில் மிஷனரிமார் நமக்குச் செய்ததை நாம் இன்னொருவருக்குச் செய்ய வேண்டாமா? கொப்பிகளும் உடுப்புகளும் கொண்டு போகலாமா, படம் எடுக்கலாமா, அங்கே எதை உண்ணலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். சுனாமிக்குப் பிறகு நீங்கள் வெளிநாட்டுக் குழுக்களோடு வேலை செய்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)
ஸ்காபுறோ

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டில் கிணறு இறைத்துக்கொண்டிருந்தோம். மோட்டரோடு வந்த பையன், அடிமணல் தெரிந்த பிறகும் குழாயை வெளியே எடுக்காமல் நின்றதைக் கண்டு நான் போட்ட சத்தத்தில் அயலவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். எழுபதை நெருங்கும் மனிதர் நாலு வாளித் தண்ணீருக்காக இப்படிக் கத்துவாரா என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். என் கோபம் அந்தப் பையன்மேல் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். மாலையில் உங்கள் கடிதத்தைத் திறந்தால் அதற்குள்ளும் ஒரு கிணறு இருந்தது.

முதலில் சில்லறை விடயங்களை முடித்துவிடுகிறேன். உங்கள் கணவரின் கணக்குச் சரியானது; ஆனால் கணக்குச் சரியாக இருப்பதால் மட்டும் ஒருவர் வீட்டில் வென்றுவிட முடியாது என்பது அவருக்கே தெரிந்திருக்கும். படம் எடுப்பது பற்றி உங்கள் சபையிலேயே ஒழுங்குவிதி வைத்திருப்பார்கள், அதைப் படியுங்கள்.

மிஷனரிமார் பற்றி எழுதிய வரிக்குத்தான் உங்களைக் கொஞ்சம் ஏச வேண்டியிருக்கிறது. 1814இல் இலங்கைக்கு வந்த முதல் வெஸ்லியன் மிஷனரிமாருள் ஒருவரான வில்லியம் ஓல்ட், மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் தொடங்கி ஓராண்டு நிறையுமுன் அங்கேயே இறந்தார். நீங்கள் ஊரைவிட்டுப் போன அதே 1990இல், ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போன இயேசு சபைக் குருவானவர் யூஜின் ஹேபியரை உங்கள் தகப்பனார் அறிந்திருப்பார். லூயிசியானாவிலிருந்து வந்து, இங்கே சூசையப்பர் கல்லூரியிலும் பிறகு மட்டக்களப்பிலும் நமது பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர் அவர். இவர்கள் யாரும் திரும்பும் திகதி அச்சிட்ட சீட்டோடு வரவில்லை. இரண்டு வாரம் போய்வருவதை நான் குறைவாகச் சொல்லவில்லை. அதை அவர்களுடைய கணக்கில் எழுதாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பிள்ளைகள் தங்களிடம் இருப்பவற்றின் அருமையை உணர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி, 2005இல் இந்தக் கரையில் தறப்பாள் கொட்டில்களுக்குள் இருந்த நமது பிள்ளைகளையும் அப்படிப் பார்த்துவிட்டுப் போக ஆட்கள் வந்தார்கள். வரிசையில் நின்ற ஒரு பெடியன், அவனுக்கும் பதின்மூன்று வயதிருக்கும், தன் வயதுடைய வெளிநாட்டுப் பையன் தன்னைப் பார்க்கும் பார்வையைத் தாங்காமல், வாங்கிய பிஸ்கற் பெட்டியை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்து போனதை நான் கண்டேன். உங்கள் மகன் யாரையாவது அப்படிப் பெட்டிக்குப் பின்னால் ஒளிய வைத்துவிட்டு வருவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

இனிக் கிணற்றுக்கு வருகிறேன்.

2005 ஜனவரி முடிகிற காலம். அப்போது நான் நாட்கூலிக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியும் தாண்டிய ஒரு கரையோரக் கிராமத்துக்கு, வெளிநாட்டுச் சபையொன்றிலிருந்து வந்த பதினொருவரை அழைத்துச் சென்றேன். அவர்களில் ஒரு குடும்பமும் இருந்தது: தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள். நல்ல மனிதர்கள். அதை நான் மரியாதைக்காக எழுதவில்லை. அந்தத் தகப்பன் பிணவாடை போகாத மணலில் முழங்கால்வரை புதைந்து நின்று, எங்களில் பலர் தொடக் கூசிய குப்பையைத் தன் கைகளால் அள்ளினார். டிசம்பர் 26ஆம் திகதி அலை எல்லாக் கிணறுகளையும் கடல்நீரால் நிரப்பிவிட்டுப் போயிருந்தது. அவர்கள் ஒரு பெரிய இறைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். முதல்நாள் ஓர் ஆச்சியின் கிணற்றை இறைத்துச் சேற்றை எடுத்தார்கள். ஊறிய நீர் உவராகவே இருந்ததால், இரண்டாம் நாளும் அடிவரை இறைத்தார்கள்.

அன்று மத்தியானம் ஆச்சி கிணற்றடிக்கு வந்து, வாளிக்குள் கைவிட்டு ஒரு சொட்டை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, ஒருக்கா இறைச்சது காணும். இனி இறைக்க இறைக்க அடி உப்புத்தான் மேல வரும். மழை பெஞ்சால் அது தன்ர பாட்டில மாறும். இதை விட்டிட்டுப் போகச் சொல்லு."

என்ன சொல்கிறார் என்று அந்தத் தகப்பன் கேட்டார். அவருடைய சட்டை முழுவதும் சேறு. அவரது சின்ன மகள் குழாயின் முனையை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, பெரிய வேலை செய்கிறவளின் முகத்தோடு நின்றாள். நான் சொன்னேன்: "உங்களுக்கு மிகவும் நன்றி சொல்கிறார். கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார் என்கிறார்."

அவர் கண்கலங்கி ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். தான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டதாக ஆச்சி நினைத்துத் தலையாட்டினார். மேலும் மூன்று நாட்கள் இறைத்தார்கள். ஐந்தாம் நாள் மணலும் நீரோடு வரத் தொடங்கி, கிணற்றின் அடிவளையம் ஒருபக்கம் சரிந்தது. நீர் முன்னையிலும் கைத்தது.

ஆச்சி அறிந்திருந்ததை விளக்க எனக்குப் பிறகுதான் முடிந்தது. கரையோர மணற்கிணற்றில் நாம் காண்பது, அடியிலுள்ள கடல்நீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கும் மழைநீர். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவுக்குக் கனம் கூடியது. அந்தச் சிறு வேறுபாட்டினால்தான் மேலேயுள்ளது மேலே நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்துக்கு அது இறங்கியிருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேலே ஓரடியை இறைத்துத் தாழ்த்தி அப்படியே வைத்திருந்தால், கீழேயிருந்து நாற்பதடிக்கு உவர் ஏறிவர வழிவிடுகிறோம். சேறு போக ஒருமுறை இறைப்பது நியாயம். நாள்தோறும் அடிவரை இறைப்பது கடலைக் கூப்பிடுவது. அந்த ஆண்டு கிழக்குக் கரையின் கிணறுகளை ஆராய்ந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தார், உப்பைக் கழுவியது பெரும்பாலும் மழைதான் என்றும், மிதமிஞ்சி இறைப்பது கேடு செய்யும் என்றும் எழுதினார்கள். படிக்காத ஆச்சி அதை ஜனவரியிலேயே ஒரு சொட்டு நீரை நாக்கில் வைத்துச் சொல்லியிருந்தார். இடையில் நின்று கெடுத்தவன் நான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை ஆண்டுகளாக யோசிக்கிறேன். கூலி ஒரு காரணம், ஆனால் பெரிய காரணமன்று. விருந்தாளியின் முகத்தை வாடவிடக் கூடாது என்ற நமது வளர்ப்பு, அதிலும் சேற்றில் நிற்கும் விருந்தாளி. அதற்கும் மேலாக, ஒரு மீனவக் கிழவியின் பேச்சு அந்த இயந்திரத்துக்கு எதிரே எடுபடாது என்று எனக்குள் இருந்த இளக்காரம். அந்த இளக்காரத்தை எந்த வெள்ளைக்காரரும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன், இதற்கு மட்டும் தவறாமல் பதில் எழுதுங்கள்: கிலிஃபியில் உங்களுக்காக மொழிபெயர்க்கப் போகிறவர் யார்? அங்கே சுவாகிலியும் கிரியாமாவும் பேசுவார்கள். உங்கள் குழுவில் ஒருவருக்கும் இரண்டும் தெரிந்திராது. அநேகமாக, உங்களை வரவேற்கும் உள்ளூர்ப் போதகரோ அவருடைய உறவுக்காரரோதான் இடையில் நிற்பார். அவருடைய ஆலயத்துக் கூரைக்கு உங்கள் சபைதான் பணம் அனுப்புகிறது என்றால், கிணற்றடியில் ஒரு கிழவி 'வேண்டாம்' என்று சொல்லும்போது உங்கள் காதில் 'நன்றி' என்றுதான் விழும். கிலிஃபியும் கடற்கரை. அங்கும் கிணற்றுக்கு அடியில் உவர் காத்திருக்கிறது. 2004இல் நம்மை அழித்த அதே அலை பல மணித்தியாலம் கழித்துக் கென்யாவையும் தொட்டது. முன்கூட்டியே செய்தி எட்டிக் கடற்கரைகளிலிருந்து ஆட்களை அகற்றியதால் அங்கே ஒருவர்தான் இறந்தார், இங்கே 30,000க்கும் மேல். ஒரே கடல்தான். ஆழப்படுத்துவது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எத்தனை அடி, யார் சொல்லி, அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளும் பெண்களில் யாரைக் கேட்டு? உங்களிடம் பணம் வாங்காத ஒருவரை, ஓர் ஆசிரியையையாவது, தேடிப்பிடித்து அவர் வழியாகக் கேளுங்கள். கேட்கும்போது போதகர் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

என்ன உண்ணலாம் என்ற கேள்வி சிறியதுதான், ஆனாலும் அதைத் தள்ளிவிட மனம் வரவில்லை. கடைசி நாளன்று ஆச்சி, பவுசர்த் தண்ணீரில் தனக்குக் கிடைத்த பங்கில் கேத்தில் வைத்து, அந்தக் குடும்பத்துக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். உள்ளங்கையில் கடித்துக் குடிக்கச் சீனியும் வைத்தார். உள்ளூர்த் தண்ணீரைத் தொடக் கூடாது என்று அவர்களுக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்ததால், தாய் கோப்பையை வாங்கி, வாயில் வைப்பதுபோல் பாவனை செய்து, கீழே வைத்துவிட்டார். மகளைத் தடுக்கத் திரும்பியபோது அவள் பாதிக்கு மேல் குடித்துவிட்டு உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தாள். அந்த ஐந்து நாட்களில் ஆச்சி சிரித்ததை நான் கண்டது அப்போது மட்டுந்தான். நான் சைவன், ஆனால் மிஷன் பள்ளியில் படித்தவன், யோவான் எழுதிய சுவிசேஷத்தின் நாலாம் அதிகாரம் எனக்குப் பாடம். அந்நிய ஊரின் கிணற்றடியில் உட்கார்ந்து முதலில் தண்ணீர் கேட்பவர் உங்கள் இயேசுதான். அந்தச் சமாரியப் பெண் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை. நீர் யூதனல்லவா என்கிறாள், மொள்ளப் பாத்திரம் இல்லையே, கிணறு ஆழமாயிற்றே என்கிறாள். இடையில் என்னைப் போல ஒருவன் நிற்காததால் அவள் சொன்னதெல்லாம் அப்படியே அவர் காதில் விழுந்தது.

இரண்டு மாரி கழிந்து அந்தக் கிராமத்துக்குப் போனேன். சரிந்த கிணற்றை ஆச்சியின் மருமகன் தூர்த்துவிட்டு, பத்தடி தள்ளிப் புதிதாக ஒன்று தோண்டியிருந்தார். ஆச்சி ஒரு வாளி அள்ளி எனக்குச் செம்பில் வார்த்துத் தந்தார், நல்ல தண்ணீர். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்டைக்கு நான் சொன்னதை நீ அவையளுக்குச் சொன்னனிதானே?" என்று கேட்டார். சொன்னனான் ஆச்சி, அவைதான் கேட்கவில்லை என்றேன்.

கொப்பிகளை ஸ்காபுறோவில் வாங்கிச் சுமக்க வேண்டாம், கிலிஃபியிலேயே கடைகள் இருக்கின்றன. அந்தக் கடைக்காரர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. உடுப்பு வேண்டவே வேண்டாம், இங்கே வந்து குவிந்த கம்பளிச் சட்டைகளை நாங்கள் கடைசியில் எரித்தோம். மகளை கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். மகனைப் பற்றி, அவன் போக விரும்புகிறானா என்று அவனிடமே கேட்டீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

அன்புடன்,
உப்புவெளியிலிருந்து